1 ஜிபி போனை விட்டுவிட்டுக் கற்கும் மாடல்

2018 கடைசியில் கூகுள் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஜிபோர்டு விசைப்பலகையில் அடுத்த சொல்லைக் கணித்துத் தரும் மாடலை, மக்கள் தட்டியதையெல்லாம் சர்வருக்கு அள்ளிக்கொண்டு போகாமல், அவரவர் போனிலேயே பயிற்றுவித்ததைப் பற்றியது அது. எந்த போன் இந்தப் பயிற்சியில் சேரலாம் என்பதற்கு அதில் நிபந்தனைகள் உண்டு. போன் சார்ஜரில் இருக்க வேண்டும். யாரும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடாது. டேட்டா கணக்கில் வராத இணைப்பு, அதாவது வைஃபை, வேண்டும். நினைவகம் (ரேம்) குறைந்தது 2 ஜிபி. இவை போக, அந்தச் சோதனைக்கென்று இன்னொன்று: போன்காரர் வட அமெரிக்காவில் இருந்து அமெரிக்க ஆங்கிலத்தில் தட்டுபவராக இருக்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. யாருடைய பேட்டரியையும் தீர்க்கக் கூடாது, டேட்டாவைத் தின்னக் கூடாது, கையில் இருக்கும் போனை மந்தமாக்கக் கூடாது. சரியான அக்கறைதான். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 2017 டிசம்பரில், அதே நிறுவனம் 512 எம்பி முதல் 1 ஜிபி ரேம் வரை உள்ள போன்களுக்கென்றே ஆண்ட்ராய்டு கோ பதிப்பை வெளியிட்டிருந்தது. விலை குறைந்த போன் வாங்குபவர்களுக்காக வந்த பதிப்பு அது. 2 ஜிபி நிபந்தனை வந்ததும் அந்த போன்கள் மொத்தமும் வெளியே. வைஃபை நிபந்தனையையும் இந்தியாவில் வைத்துப் பாருங்கள். 2024 இறுதிக் கணக்கில் இங்கே அகலப்பட்டை இணைப்புகளில் கைபேசி வழி வருவது 90 கோடி அளவில். கம்பியோ ஃபைபரோ வழியாக வீட்டுக்கு வருவது 4 கோடி அளவில்தான். அந்த நிபந்தனை எத்தனை பேரை உள்ளே விடும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

வலு குறைந்த கருவிகளிலும் இந்தக் கற்றலை ஓட்டுவது எப்படி என்று சுமார் பத்து ஆண்டுகளாக மும்முரமாக வேலை நடக்கிறது. மின்சாரம் மிச்சம், நேரம் மிச்சம் என்றுதான் அதைப் பெரும்பாலும் விளக்குவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. தாங்க முடியாத வேலையைக் கொடுத்தால் போன் கழன்றுகொள்ளும். கழன்றுகொண்ட போனின் சொந்தக்காரர் எழுதும் விதம், பேசும் விதம், எடுக்கும் படம் எதுவும் மாடலுக்குள் போகாது. ஆக, யாரிடமிருந்து மாடல் கற்கிறது என்பதே இந்தச் சிக்கனத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கீழே வரும் உத்திகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஓர் இரவு, ஒரு சுற்று

ஃபெடரேட்டட் லேர்னிங் என்ற பெயரை வைத்து, அதைச் செய்தும் காட்டியது கூகுளின் பிரெண்டன் மெக்மஹனும் அவருடன் இருந்தவர்களும். ஆண்டு 2016. தமிழில் கூட்டுக் கற்றல் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் ஒரு மாடலின் நகலைச் சில நூறு போன்களுக்கு அனுப்பும். ஒவ்வொரு போனும் தன்னிடம் உள்ள தரவை வைத்து அந்த நகலைக் கொஞ்சம் பயிற்றுவிக்கும். பிறகு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாடலின் எடைகளில், அதாவது அது கற்றதைத் தாங்கியிருக்கும் எண்களில், வந்த வித்தியாசத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சர்வர் எல்லா வித்தியாசங்களையும் சராசரி எடுத்து மாடலில் சேர்த்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கும். தரவு போனை விட்டு நகராது.

ஜிபோர்டு சோதனையில் இருந்தது 14 லட்சம் அளவுருக்கள் (திருத்தக்கூடிய எண்கள்) கொண்ட சின்ன மாடல். 10,000 சொற்களைத் தெரிந்துவைத்திருந்தது. ஒரு சுற்றுக்கு 100 முதல் 500 போன்கள் வரை. 3,000 சுற்றுகள் ஓடி முடிய நான்கைந்து நாள் ஆனது. மொத்தம் 15 லட்சம் போன்கள் பங்கேற்றன. சர்வரில் தரவைக் குவித்துப் பயிற்றுவித்த அதே அமைப்பிலான மாடலுக்கு இது ஈடாக நின்றது. முறை வேலை செய்கிறது என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

போனுக்குள் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். ஒருவர் படுக்கப் போகும்போது போனைச் சார்ஜரில் செருகுகிறார். திரை அணைந்து கொஞ்ச நேரம் கழித்து, நிபந்தனைகள் கூடிவந்துவிட்டன என்று ஆண்ட்ராய்டு ஒரு பின்னணி வேலையை எழுப்புகிறது. போன் சர்வரைத் தொடர்புகொண்டு ‘நான் தயார்’ என்கிறது. சர்வர் சில சமயம் இப்போது வேண்டாம், பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிடும். லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் கதவைத் தட்டாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. தேர்வானால் மாடல் இறங்குகிறது, பயிற்சி ஓடுகிறது. பாதியில் போன்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து, மணி பார்க்க போனை எடுக்கிறார். அவ்வளவுதான், நிபந்தனை உடைந்தது, வேலை நிற்கிறது, அதுவரை செய்த கணக்கு வீண்.

இப்படிக் கழன்றுகொள்ளும் போன்கள் சராசரியாக 6 முதல் 10 சதவீதம் என்று கூகுள் 2019-ல் தன் அமைப்பை விவரித்தபோது சொன்னது. அதைச் சமாளிக்க ஒவ்வொரு சுற்றுக்கும் தேவையானதில் 130 சதவீதம் போன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேவையான எண்ணிக்கை வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடைசியாக ஓடி வருபவை யாவை? பழைய சிப், மெதுவான இணைப்பு உள்ளவை. இந்த இடத்துக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவோம்.

அனுப்பும் சுமை

ஆரம்பத்தில் எல்லோரும் கைவைத்தது தகவல் பரிமாற்றத்தில்தான். வீட்டு இணைப்பானாலும் கைபேசி இணைப்பானாலும் பதிவேற்றம் பெரும்பாலும் பதிவிறக்கத்தைவிட மெதுவாகவே இருக்கும்; ரேடியோவை இயக்குவது பேட்டரிக்கும் செலவு.

முதல் உத்தி மெக்மஹன் குழுவினுடையதே. ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் சர்வரிடம் சொல்லிக்கொண்டிராமல், போனிலேயே பல படிகள் பயிற்சி செய்துவிட்டு ஒரேயடியாக அனுப்புவது. படிக்குப் படி ஒத்திசைக்கும் முறையோடு ஒப்பிட்டால் இதனால் சுற்றுகளின் எண்ணிக்கை 10 முதல் 100 மடங்கு வரை குறைந்தது. எளிய யோசனைதான், ஆனால் இந்தத் துறையே அதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்தது அனுப்புவதைச் சுருக்குவது. 14 லட்சம் அளவுருக்களின் வித்தியாசத்தை வழக்கமான 32 பிட் எண்களாக அனுப்பினால் 5.6 எம்பி. அதையே 8 பிட்டாக மழுக்கினால் 1.4 எம்பி. இன்னும் துணிந்து, பெரிதாக மாறிய 1 சதவீத எண்களை மட்டும் அனுப்பினால் 14,000 எண்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்து எண் என்று சொல்ல 21 பிட், மதிப்புக்கு 8 பிட். மொத்தம் ஏறக்குறைய 50 கேபி. நூறு மடங்குக்கு மேல் மிச்சம்!

மீதி 99 சதவீதத்தைத் தூக்கிப் போட்டால் மாடல் கெட்டுவிடாதா? தூக்கிப் போடுவதில்லை. மளிகைக் கடை நோட்டில் சில்லறைப் பாக்கியை அடுத்த மாதக் கணக்கில் ஏற்றுவது போல, அனுப்பாமல் விட்ட சிறு மாற்றங்களைக் கருவியிலேயே வைத்திருந்து அடுத்த முறை வரும் மாற்றத்தோடு கூட்டிக்கொள்கிறார்கள். சின்னது சேர்ந்து பெரிதானதும் தானாகவே பட்டியலில் ஏறும். கிரேடியன்ட், அதாவது ஒவ்வொரு எடையையும் எந்தப் பக்கம் எவ்வளவு திருத்துவது என்று சொல்லும் எண்கள், பரிமாறப்படுவதில் 99.9 சதவீதம் தேவையற்றது என்று 2017-ல் கணினி ஆய்வாளர் சாங் ஹான் பங்கேற்ற ஒரு குழு காட்டியது. படங்களை அடையாளம் காணும் ரெஸ்நெட்-50 மாடலுக்கு 97 எம்பி போய்வர வேண்டிய இடத்தில் 0.35 எம்பி போதுமானதாக இருந்தது. ஆனால் அது எப்போதும் இணைந்தே இருக்கும் கணினிகளுக்கான சோதனை. கூட்டுக் கற்றலில் ஒரு போன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மட்டும் தேர்வாகலாம். அப்போது நோட்டில் எழுதிய பாக்கி வசூலாகாமலே போய்விடும். கணினி மையத்தில் பிரமாதமாக ஓடும் உத்தி போனுக்கு வந்ததும் நொண்டுவதற்கு இது நல்ல உதாரணம்.

போனை விட்டு இறங்கி வயலில் நடும் உணரிகளுக்குப் போனால் கணக்கே வேறு. குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் லோராவான் வகை ரேடியோவில், ஐரோப்பிய அலைவரிசையில், மிக மெதுவான நிலையில் ஒரு பொட்டலத்தில் 51 பைட்தான் போகும். அதை அனுப்ப ஏறத்தாழ 2.8 விநாடி. ஒரு கருவி மொத்த நேரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் அலையைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்று அங்கே வரம்பும் உண்டு. 1.4 எம்பி மாடல் வித்தியாசத்தை அப்படி அனுப்பினால் 27,000-க்கு மேல் பொட்டலங்கள், கிட்டத்தட்ட மூன்று மாதம். ஒரே ஒரு சுற்றுக்கு! மேலே சொன்ன 50 கேபி சுருக்கத்தோடு அனுப்பினால் மூன்று நாள். அங்கே சுருக்கம் இல்லாமல் கூட்டுக் கற்றலே இல்லை.

மொத்தத்தில், அனுப்பும் சுமைதான் இந்தத் துறையில் மிக நன்றாகத் தீர்க்கப்பட்ட பகுதி. ஆய்வுக் கட்டுரைகளும் அதைப் பற்றித்தான் அதிகம். அப்புறம் ஏன் சின்ன போன் இன்னும் வெளியே நிற்கிறது?

நினைவகம் எங்கே போகிறது

மாடலை ஓட்டுவதற்கும் பயிற்றுவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உறைக்கிறது. மாடல் என்பது பல அடுக்குக் கணக்குகள். ஓட்டும்போது ஓர் அடுக்கு தன் விடையை அடுத்த அடுக்குக்குக் கொடுத்துவிட்டால் பழையதை அழித்துவிடலாம். பயிற்சியில் அழிக்க முடியாது. கடைசியில் பிழை எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அந்தப் பிழைக்கு எந்த எடை எவ்வளவு காரணம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அதற்கு ஒவ்வொரு அடுக்கிலும் உள்ளே வந்த மதிப்புகள் அப்படியே கையில் இருக்க வேண்டும்.

போன்களுக்கென்றே செதுக்கிய மொபைல்நெட்-வி2 மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் எடைகள் மொத்தம் சுமார் 35 லட்சம். 32 பிட்டில் 14 எம்பி. இப்போது அதன் தொடக்க அடுக்கு ஒன்றில் நின்று பார்ப்போம். 112-க்கு 112 அளவில் 96 தளங்கள், அதாவது ஒரு படத்துக்கு 12 லட்சம் இடைநிலை மதிப்புகள், 4.8 எம்பி. எட்டுப் படங்களை ஒரு கட்டாகப் பயிற்றுவித்தால் அந்த ஓர் அடுக்கே 38 எம்பிக்கு மேல் கேட்கிறது. ஓர் அடுக்குதான், மாடல் முழுவதையும் போல இரண்டரை மடங்குக்கு மேல். இதோடு கிரேடியன்ட்டுகளுக்கு இன்னொரு 14 எம்பி, ஆடம் போன்ற முறையில் திருத்தினால் ஒவ்வொரு எடைக்கும் கூடுதலாக இரண்டு எண்கள். எடைகளை எவ்வளவு கத்தரித்தாலும் இந்த இடைநிலை மதிப்புகள் குறையாவிட்டால் பயன் குறைவு.

2020-ல் எம்ஐடியின் சாங் ஹான் குழு டைனிடிஎல் என்ற பெயரில் கொண்டுவந்த யோசனை இந்த இடத்தைத்தான் தொட்டது. நரம்பு வலையில் ஒவ்வொரு அடுக்கும் உள்ளீட்டை ஓர் எடையால் பெருக்கி, பயாஸ் எனப்படும் ஓர் எண்ணைக் கூட்டுகிறது. எடையைத் திருத்த வேண்டுமானால் பின்னால் வரும் பிழையை உள்ளீட்டோடு பெருக்க வேண்டும், அதனால் உள்ளீட்டைச் சேமித்தாக வேண்டும். பயாஸைத் திருத்தப் பிழை மட்டும் போதும், உள்ளீடு தேவையே இல்லை. அப்படியானால் எடைகளை அப்படியே உறையவைத்துவிட்டு, பயாஸை மட்டும் திருத்தலாமே? திருத்தும் சக்தி குறைந்துபோகும் என்பதால், நினைவகம் அதிகம் கேட்காத சின்னஞ்சிறு துணை அடுக்குகளைச் சேர்த்தார்கள். முழு மாடலையும் திருத்துவதோடு ஒப்பிட்டால் நினைவகம் 6.5 மடங்கு வரை குறைந்தது. துல்லியம் பெரிதாக விழவில்லை.

2022-ல் அதே குழு 256 கேபி நினைவகத்துக்குள் ஒரு நுண்கட்டுப்பாட்டுச் சிப்பில் (மைக்ரோகண்ட்ரோலர்) பயிற்சியை ஓட்டிக் காட்டியது. எந்த அடுக்கைத் திருத்தினால் பலன் அதிகம், எதை விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தேவையில்லாத பின்னோக்கிக் கணக்குகளை, நிரலைச் சிப்புக்கேற்ற வடிவுக்கு மாற்றும் (கம்பைல்) கட்டத்திலேயே நீக்கிவிட்டார்கள். கிலோபைட் அளவில் இது நடக்கிறதென்றால், 1 ஜிபி போனில் பயிற்சி நடக்காது என்பதை இயற்கை விதி போல எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது பொறியியல் முயற்சியை எங்கே செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தத் துறையில் என்னை மிக ஊக்கப்படுத்தும் வேலை இதுதான்.

மெதுவான போனுக்குக் காத்திருப்பதா

சரி, அந்தக் கதவைச் சாத்தும் விஷயத்துக்கு வருவோம். ஒரு சுற்றில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்தால் மிக மெதுவான போனின் வேகம்தான் மொத்தத்தின் வேகம். காத்திருக்காமல் கதவைச் சாத்தினால் மெதுவான போனின் உழைப்பு குப்பைக்குப் போகும். ஓரிரு முறை அப்படி நடந்தால் பரவாயில்லை. ஆனால் மெதுவான போன் ஒவ்வொரு சுற்றிலும் மெதுவானதுதான்.

மெட்டா நிறுவனம் 2022-ல் பப்பாயா என்ற தன் அமைப்பைப் பற்றி வெளியிட்டதில் இதைத் தெளிவாகக் காட்டியது. அதிகம் பேரைத் தேர்ந்தெடுத்து முந்தி வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையில், பின்தங்கியவர்கள் வெறுமனே மெதுவானவர்களாக மட்டும் இல்லை. தரவு அதிகம் வைத்திருப்பவர்களுக்கும் பயிற்சி முடிய நேரம் ஆகும். ஆகவே அவர்களும் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு மாடலின் தரமும் குறைந்தது. நிறையப் பயன்படுத்துபவருக்கே மாடல் மோசமாக வேலை செய்வது எவ்வளவு தலைகீழான விளைவு!

அவர்கள் எடுத்த மாற்று, காத்திருப்பையே விட்டுவிடுவது. சுற்று என்று ஒன்று இல்லாமல், எந்த போன் எப்போது முடிக்கிறதோ அப்போது அனுப்பலாம். சர்வர் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் மாடலைத் திருத்திக்கொள்ளும். தாமதமாக வருவது பழைய மாடலை வைத்துச் செய்த கணக்கு என்பதால் அதற்குக் கொஞ்சம் குறைந்த மதிப்பு. ஏறக்குறைய பத்துக் கோடி கருவிகளில் ஓடிய பயிற்சியில், ஒரே சமயத்தில் நிறையக் கருவிகள் இயங்கும் நிலையில், இது 5 மடங்கு வேகமாகவும் ஏறக்குறைய 8 மடங்கு குறைந்த பரிமாற்றத்தோடும் முடிந்தது. மெதுவான போனைச் சேர்த்துக்கொள்வதும் சிக்கனமாக நடப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல பதில்.

இன்னொரு வழி, முடிந்த அளவு செய்தால் போதும் என்று ஏற்பது. 2018-ல் வந்த ஃபெட்பிராக்ஸ் முறையில் எல்லா போனும் ஒரே அளவு பயிற்சியை முடிக்க வேண்டியதில்லை. பாதி செய்த போன் பாதியை அனுப்பலாம். அப்படி அரைகுறையாக வருவது மாடலை எங்கோ இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, பொது மாடலை விட்டு வெகுதூரம் விலகினால் அபராதம் போடும் ஓர் உறுப்பைக் கணக்கில் சேர்த்தார்கள். கருவிகளும் தரவும் மிகவும் வேறுபட்ட நிலைகளில் துல்லியம் சராசரியாக 22 புள்ளிகள் உயர்ந்தது.

விலகிப்போகும் இந்தச் சிக்கல் சின்னதல்ல. ஒவ்வொருவர் போனிலும் தரவு வேறு மாதிரி. ஒவ்வொரு கருவியிடமும் ஒரே ஒரு வகைப் படம் மட்டும் இருக்கும்படி பிரித்தால் துல்லியம் 55 சதவீதம் வரை விழக்கூடும் என்று 2018-ல் ஒரு சோதனை காட்டியது. போனிலேயே அதிகப் படிகள் பயிற்சி செய்து பரிமாற்றத்தை மிச்சப்படுத்தினால் இந்த விலகலும் கூடும். இதைத் திருத்த ஸ்கஃபோல்ட் என்றொரு அழகான முறை உண்டு, ஆனால் அது அனுப்பும் அளவை இரட்டிப்பாக்கும். ஒவ்வொரு கருவியும் தன் பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். சில மருத்துவமனைகள் சேர்ந்து செய்யும் கற்றலுக்கு அது பொருந்தும். ஒருமுறை வந்துபோகும் போனுக்குப் பொருந்தாது.

மாடலையே கருவிக்கேற்ப வெட்டித் தருவது மூன்றாவது வழி. 2021-ல் வந்த ஹெட்டரோஎஃப்எல், ஃபியோர்டு இரண்டும் இந்த வகை. வலுவான போனுக்கு முழு மாடல், நடுத்தரத்துக்குப் பாதி அகலம், எளிய போனுக்குக் கால்வாசி. எல்லோரும் திருத்தியதைப் பொருத்தமான இடத்தில் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகவே வேலையும் செய்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால், மாடலின் வெளிப்புறப் பகுதிகள் முழுக்க முழுக்க விலை உயர்ந்த போன்களின் தரவிலிருந்து மட்டுமே கற்கின்றன. எளிய போன்காரருக்கு உள்ளே இடம் கிடைத்தது, ஆனால் ஓர் ஓரத்தில். வெளியே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இதை முழுத் தீர்வு என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

ரகசியம் கேட்கும் விலை

தரவு போனை விட்டுப் போகவில்லை என்பதாலேயே எல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. கிரேடியன்ட்டிலிருந்தே மூலப் படத்தை மீட்டெடுக்க முடியும் என்று 2019-ல் நிரூபித்துவிட்டார்கள். அதனால் பாதுகாப்பான கூட்டல் என்றொரு ஏற்பாடு 2017 முதல் இருக்கிறது. போன்கள் தங்களுக்குள் சோடி சோடியாக ரகசிய எண்களை வகுத்துக்கொண்டு, ஒன்று அதைக் கூட்டியும் மற்றது கழித்தும் அனுப்பும். சர்வர் எல்லாவற்றையும் கூட்டினால் ரகசிய எண்கள் ஒன்றையொன்று அடித்துவிட்டு மொத்தம் மட்டும் மிஞ்சும். தனி ஒருவர் அனுப்பியது என்ன என்று சர்வருக்கே தெரியாது.

இது மேலே சொன்ன சுருக்க உத்திகளோடு முட்டுகிறது. கூட்டல் நடக்க வேண்டுமானால் எல்லோரும் ஒரே இடங்களின் எண்களை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு போனும் தனக்குப் பெரிதாக மாறிய 1 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் இடங்கள் ஒத்துப்போகாது. எந்த இடங்கள் என்று வெளியே சொல்வதே கொஞ்சம் ரகசியத்தைக் கசியவிடும். 8 பிட் சுருக்கத்திலும் சிக்கல் உண்டு. ஆயிரம் போன்களின் 8 பிட் எண்களைக் கூட்டினால் விடைக்கு 18 பிட் இடம் வேண்டும். மறைத்து அனுப்பும் எண்ணும் அந்த 18 பிட் அளவிலேயே இருக்க வேண்டும். மிச்சம் பிடித்த 24 பிட்டில் 10 பிட் போய்விட்டது. எந்த இடங்களை அனுப்புவது என்று சர்வர் சுற்றுக்குச் சுற்று தற்செயலாகத் தேர்ந்து எல்லோருக்கும் ஒரே பட்டியலாகச் சொல்வது ஒரு சமரசம். ஒவ்வொருவருக்கும் முக்கியமான எண்கள் அதில் வராமல் போகலாம், ஆனால் கூட்டல் நடக்கும். சுருக்க விகிதத்தை மட்டும் பெருமையாகச் சொல்லும் ஆய்வைப் படிக்கும்போது, பாதுகாப்பான கூட்டலோடு அது ஓடுமா என்பதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

பெரிய மொழி மாடல் காலத்தில்

ஜிபோர்டின் 14 லட்சம் எங்கே, இன்றைய மொழி மாடல்களின் நூறு கோடிகள் எங்கே. அனுப்பும் சுமைக்கு லோரா என்ற நுணுக்கம் கைகொடுக்கிறது (மேலே சொன்ன ரேடியோவோடு இதற்குச் சம்பந்தம் இல்லை). மாடலுக்குள் இருக்கும் 4,096-க்கு 4,096 அணியில் (மேட்ரிக்ஸ்) 1.67 கோடிக்கு மேல் எண்கள் உண்டு. அதை உறையவைத்து, அருகே 8 அகலமுள்ள இரண்டு மெலிந்த அணிகளை மட்டும் பயிற்றுவித்தால் 65,536 எண்கள் போதும், 256 மடங்கு குறைவு. கூட்டுக் கற்றலில் இதற்கு ஒரு நெருடல் இருக்கிறது. உண்மையான திருத்தம் அந்த இரண்டு மெலிந்த அணிகளின் பெருக்கல். சர்வரோ இரண்டையும் தனித்தனியே சராசரி எடுக்கிறது. சராசரிகளின் பெருக்கலும் பெருக்கல்களின் சராசரியும் ஒன்றல்ல. போன்களின் தரவு வேறுபட வேறுபட அந்த இடைவெளி பெரிதாகும். ஓர் அணியை உறையவைத்து மற்றதை மட்டும் திருத்துவது போன்ற வழிகளைச் சிலர் முயல்கிறார்கள்.

அனுப்புவது குறைந்தாலும் நினைவகம் அதே இடத்தில்தான் நிற்கிறது. நூறு கோடி அளவுரு மாடலை 4 பிட்டாகச் சுருக்கினாலும் 500 எம்பி. இடைநிலை மதிப்புகள் தனி. 2018-ல் பூட்டியிருந்த கதவு இப்போது இன்னும் கனமாகிவிட்டது.

இதில் வித்தியாசமாக யோசித்தவர்கள் பின்னோக்கிக் கணக்கையே தூக்கிப் போட்டவர்கள். 2023-ல் பிரின்ஸ்டனிலிருந்து வந்த மீசோ முறையில் எடைகளைத் தற்செயலான ஒரு திசையில் துளி முன்னே தள்ளி ஒருமுறை மாடலை ஓட்டுவார்கள், துளி பின்னே தள்ளி இன்னொரு முறை. பிழை எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் நகர்வார்கள். மாடலை வெறுமனே ஓட்ட எவ்வளவு நினைவகம் வேண்டுமோ அவ்வளவே பயிற்சிக்கும் போதும். தற்செயல் திசையை ஒரு விதை எண்ணிலிருந்து எந்தக் கருவியிலும் மறுபடி உருவாக்கலாம் என்பதால், சர்வருக்கு அனுப்ப வேண்டியது விதை எண்ணும் எவ்வளவு நகர்வது என்ற ஓர் எண்ணும்தான். இந்த யோசனையைக் கூட்டுக் கற்றலுக்குக் கொண்டுவந்த ஃபெட்கே-சீட், நூறு கோடிக் கணக்கான அளவுருக்களை முழுவதுமாகத் திருத்தவும் 18 கேபிக்குள் பரிமாற்றத்தை அடக்கியது. விலை என்னவென்றால் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் போவதால் படிகள் பல மடங்கு அதிகம் தேவை. இரவெல்லாம் சார்ஜரில் கிடக்கும் போனுக்கு நேரம் உண்டு, நினைவகம்தான் இல்லை. ஆகவே இந்தப் பேரம் அதற்கு ஒத்துவரக்கூடியது.

இவற்றையெல்லாம் அளக்கும் முறையில்தான் எனக்குக் கவலை. பெரும்பாலான ஆய்வுகள் ஒரு வலுவான கணினியில் நூறு கற்பனைப் போன்களை உருவாக்கி, எத்தனை சுற்றில் துல்லியம் எட்டியது என்று எண்ணுகின்றன. ஒரு சுற்று என்பது ஒரு போனுக்கு 10 விநாடி, இன்னொன்றுக்கு 10 நிமிடம். கூட்டுக் கற்றலுக்கான ஃப்ளவர் போன்ற மென்பொருள் கட்டமைப்புகள் வந்த பிறகு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, உண்மையான ஆண்ட்ராய்டு போன்கள் எனக் கலந்து சோதிப்பது எளிதாகியிருக்கிறது. பைட், விநாடி, ஜூல் மூன்றையும் கருவி வகைவாரியாகச் சொல்லும் ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும்.

அதோடு மிகச் சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பயிற்சிக்கு இடமில்லாத போனிலும் மாடல் ஓடத்தான் செய்கிறது, ஏனென்றால் அந்த போன்காரரும் அதைத் தினமும் பயன்படுத்துகிறார். முன்னோக்கி மட்டும் ஓட்டி, எத்தனை சொற்களுக்கு எத்தனை சரியாகக் கணித்தது என்று இரண்டு எண்களை, ரேம் அளவைக் குறிப்பிட்டு, அந்த போன் அனுப்பலாம். சில பைட்தான், மொபைல் டேட்டாவிலேயே போகும். பாதுகாப்பான கூட்டலும் இதற்குத் தடையில்லை. 1 ஜிபி போன்களில் துல்லியம் எவ்வளவு, 8 ஜிபி போன்களில் எவ்வளவு என்று ஓர் அட்டவணை கிடைத்துவிடும். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு மாடல் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது அந்த அட்டவணையில்தான் தெரியும். புதிய ஆய்வு எது வந்தாலும் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.